ஒரு நொடிக்குள் எது முதலில்

நம் கம்பெனியில் நேர வடிவத்தை மாற்றும் வேலையில் உங்களில் சிலரை இப்போது போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்த ஃபைலில் எந்த வரியைத் தொட வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அதெல்லாம் எவ்வளவோ மாறியிருக்கும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. இதே வேலையை எங்கள் குழு முதன்முதலில் செய்தபோது என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். சந்தோஷமாக முடிகிற கதை இல்லை. இருந்தாலும் உங்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அந்தக் குழுவில் இருந்தவர்களில் இன்னும் மதுரையில் இருப்பது நான் மட்டும்தான்.

இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய சின்னக் கம்ப்யூட்டர்கள் நேரத்தை ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன. 1970 ஆம் ஆண்டு பிறந்ததிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்ற எண். அதற்கு ஒதுக்கிய இடம் நான்கு பைட். 2038 ஜனவரியில் அந்த இடம் நிரம்பிவிடும். அதற்கு மேல் எண்ணப் போனால், கம்ப்யூட்டர் தன்னை 1901 இல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஆகவே நான்கு பைட்டை எட்டாக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி சாலை சிக்னல்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தது. நாற்சந்தி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி நிற்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டரும், அதில் நாங்கள் எங்களுக்கேற்றபடி வெட்டித் தைத்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருக்கும். விளக்கு மாறும்போது விளக்குப் பலகையிலிருந்து பெட்டிக்கு ஒரு செய்தி வரும். வண்டி ஒன்று நிறுத்தக் கோட்டைத் தாண்டினால், தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள் அதை உணர்ந்து இன்னொரு செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்தியும் வந்து சேர்ந்த நேரத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நெட்வொர்க் பகுதி முத்திரை போல அதன்மேல் குத்தும். முத்திரையில் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் நொடி. இரண்டாவது, அந்த நொடிக்குள் எவ்வளவு கடந்தது என்கிற பின்னம்.

அந்த முத்திரையை மாற்றும் பொறுப்பு பாலமுருகனிடம் இருந்தது. எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் முதலில் படித்து வேலைக்கு வந்தவன். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். பேசினால் அதில் வீண் வார்த்தை இருக்காது. குழுவுக்குத் தலைமை நான் என்றாலும், நெட்வொர்க் பகுதியில் அவன் சொல்வதைத்தான் நான் கேட்டுக்கொள்வேன்.

வேலையைத் தொடங்கும் முன்பே அவன் ஒன்று கேட்டான். "அக்கா, புது வடிவத்த தனியா ஒரு வழியா வைப்போம். பழைய வழியும் அப்படியே இருக்கட்டும். பழைய புரோகிராம் எதுவும் வந்து கேட்டா பழையபடியே கொடுக்கட்டும். புதுசா எழுதுறவுக புது வழியில வரட்டும்."

எங்கள் முதலாளியை எல்லோரும் எம்.டி. என்றுதான் சொல்வோம். அவரும் ஒரு காலத்தில் சால்டரிங் இரும்பு பிடித்தவர். பெட்டியில் நினைவக இடம் எவ்வளவு குறைவு என்பது அவருக்குத் தெரியும். "ரெண்டு வழி எதுக்கு பாலா? எல்லாப் புரோகிராமும் நம்மகிட்டதான இருக்கு. எல்லாத்தையும் புதுசா கம்பைல் பண்ணிரு. ஒரே வடிவம், சுத்தமா இருக்கும்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நான் மறுக்கவில்லை. பாலமுருகனும் அதற்கு மேல் பேசவில்லை.

எல்லாப் புரோகிராமையும் புதிதாகக் கம்பைல் செய்தோம், அதாவது மூல வரிகளிலிருந்து ஓடுகிற வடிவத்தை மறுபடி உருவாக்கினோம். ஒன்றைத் தவிர. நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் புரோகிராமை வெளியே ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தோம். அவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். மூல வரிகள் எங்களிடம் இல்லை. ஓடுகிற வடிவம் மட்டும்தான் இருந்தது. அதை ஓட்டிப் பார்த்தோம். தேதி சரி. மணி, நிமிடம், நொடி எல்லாம் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

அது ஏன் ஒத்துப்போனது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அங்குதான் இருக்கிறது. புது முத்திரையில் நொடிக்கு எட்டு பைட், பின்னத்துக்கு எட்டு பைட். பழைய புரோகிராமுக்கு அது தெரியாது. முதல் நான்கு பைட்டை நொடி என்று படித்தது. அது சரியாகவே இருந்தது. அடுத்த நான்கு பைட்டைப் பின்னம் என்று படித்தது. ஆனால் அது பின்னம் இல்லை. புதிதாகப் பெரிதாக்கிய நொடி எண்ணின் மேல்பாதி. இப்போதைக்கு அதில் எதுவும் இருக்காது, வெறும் பூஜ்யம். ஆக எந்தச் செய்தி எப்போது வந்தாலும், அது அந்த நொடி தொடங்கிய கணத்திலேயே வந்ததாகப் பதிந்துகொண்டிருந்தது. எங்கும் பிழைச் செய்தி வரவில்லை. எதுவும் நிற்கவில்லை. ஊரில் சிக்னல்கள் ஒழுங்காக மாறிக்கொண்டிருந்தன.

சில மாதங்கள் போயின.

மாட்டுத்தாவணிக்குப் போகும் வழியில் ஒரு நாற்சந்தி. விடிந்து கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு விபத்து. சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டுகளை ஏற்றி வந்த லோடு வேன், குறுக்குத் தெருவிலிருந்து வந்த மொபெட்டை அடித்தது. மொபெட்டில் வந்தவர் சரவணன். பஸ் நிலையத்துக்கு வெளியே டீக்கடை வைத்திருந்தார். கடை திறக்கப் பால் வாங்கிக்கொண்டு போனவர். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வேனை ஓட்டியவர் பெயர் முத்துக்காளை, ஐம்பது வயது இருக்கும். இறங்கி ஓடவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அடிபட்டவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அந்தச் சந்தியில் கேமரா கிடையாது. ஆனால் எங்கள் பெட்டி இருந்தது. போலீஸ் பதிவைக் கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்து வழக்கம்போல் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அந்த நொடிக்கு நேராக மூன்று வரிகள். பிரதான சாலையில் சிவப்பு, குறுக்குத் தெருவில் பச்சை. அதற்கு அடுத்து, பிரதான சாலையில் வண்டி கோட்டைத் தாண்டியது. அடுத்து, குறுக்குத் தெருவில் வண்டி கோட்டைத் தாண்டியது.

படிப்பவருக்குச் சந்தேகமே வராது. சிவப்பு விழுந்த பிறகு வேன் வந்திருக்கிறது. பச்சை பார்த்துத்தான் மொபெட் கிளம்பியிருக்கிறது. முத்துக்காளை மட்டும், மஞ்சள் விளக்கைச் சொல்லி, முதல் நாளிலிருந்து ஒரே வார்த்தையைச் சொன்னார். "எல்லோதான் கெடந்துச்சு. எல்லோலதான் தாண்டுனேன்." பதிவு கையில் இருக்கும்போது அதை யார் கேட்பார்கள்? சிறைக்குப் போனார். பிறகு ஜாமீனில் வந்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, கம்ப்யூட்டர் பதிவை ஏற்றுக்கொள்ள அதற்குப் பொறுப்பானவர் சான்று தர வேண்டும், நேரில் வந்தும் சொல்ல வேண்டும் என்றார்கள். கம்பெனி சார்பில் பாலமுருகன் போவது என்று முடிவானது. வெறும் சடங்கு என்றுதான் நினைத்தோம். வேறொருவனாக இருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பான். இவன் கையெழுத்துப் போடும் முன் பெட்டியிலிருந்த மூலப் பதிவைத் திறந்து பார்த்தான். அச்சுத் தாளில் பின்னத்தைப் போடமாட்டார்கள். மூலத்தில் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேசைக்கு வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, ஒரு நிமிசம் வாரீகளா? ஒண்ணு பாக்கணும்."

போய்ப் பார்த்தேன். திரை முழுக்க நேரங்கள். ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அவன் மேலே நகர்த்திக்கொண்டே போனான். நாங்கள் மாற்றம் செய்த நாள் வரைக்கும் பூஜ்யம்தான். அதற்கு முந்தைய நாளில் எண்கள் உயிரோடு இருந்தன.

"அப்ப அந்த மூணு வரியோட வரிசை?" என்று கேட்டேன்.

"வரிசையே இல்லக்கா. நேரம் ஒண்ணா இருந்தா, புரோகிராம் கருவி நம்பரப் பாத்து அடுக்குது. விளக்கு ஒண்ணாம் நம்பர். ரோட்டுச் சுருளுக அதுக்கு அப்புறம். எப்ப நடந்தாலும் விளக்குதான் மொதல்ல வரும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வேன் மஞ்சளில் தாண்டியிருக்கலாம். சிவப்பில் தாண்டியிருக்கலாம். மொபெட் பச்சைக்கு முன்பே கிளம்பியிருக்கலாம். எப்படி நடந்திருந்தாலும் எங்கள் தாள் ஒன்றையேதான் சொல்லியிருக்கும். முத்துக்காளை தப்பவே முடியாதபடி அதை அடுக்கி வைத்திருந்தோம், யாரும் நினைக்காமலே.

முதலில் நாங்கள் செய்தது, தொலைந்ததைத் தேடியதுதான். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், செய்யவும் வேண்டும். பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து நினைவகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான் பாலமுருகன். செய்திகள் வந்த வரிசை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் புரோகிராம் அடுக்கிய பிறகுதான் எழுதுகிறது. அடுக்குவதற்கு முன் இருந்ததைப் புதுச் செய்திகள் எப்போதோ மூடிவிட்டன.

ஒரு காலையில் இரண்டு பேரும் அந்தச் சந்திக்கே போய் நின்றோம். பூச்சந்தைக்குப் போகிற வண்டிகள், காய்கறி வேன்கள், டவுன் பஸ்கள். மஞ்சள் விழுந்ததும் வருகிறவன் இன்னும் அழுத்துகிறான். பச்சை விழுவதற்கு முன்பே குறுக்குத் தெருவில் நிற்பவன் வண்டியை உருட்ட ஆரம்பிக்கிறான். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடிக்குள்தான் எல்லாம் நடக்கிறது. பாலமுருகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ரெண்டு பேர்ல யார் வேணாலும் இருக்கலாம்க்கா" என்றான். "ரெண்டு பேருமே கூட இருக்கலாம்."

அன்று எம்.டி.யிடம் சொன்னோம். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பதிவு நொடி வரைக்கும் சரியா இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"அப்ப அதச் சொல்லு. பொய் சொல்லச் சொல்லல பாலா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கோர்ட்டுல யாரு பின்னத்தப் பத்திக் கேக்கப் போறா?"

எம்.டி. என்னைப் பார்த்தார். "மேடம், இதே பெட்டி இன்னும் எத்தன ஊர்ல நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். இங்க வேல பாக்குறவங்க வீட்டுல அடுப்பு எரியணும். அந்த டிரைவர் செவப்புலதான் வந்திருப்பான். லோடு வண்டிக்காரங்க ஓட்டுறத நாம பாத்ததில்லையா?"

"அதத்தான் சார் நம்ம தாளும் சொல்லுது" என்றேன். "நாம நெனக்கிறதயே அதுவும் சொல்றதுனாலதான் இம்புட்டு நாளா யாரும் திருப்பிப் பாக்கல."

என்னிடமிருந்து அப்படி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவர் முகத்தில் கோபம் வந்து போனது. பிறகு களைப்பு மட்டும் நின்றது.

அப்போது பாலமுருகன் சொன்னான்: "சார், கோர்ட்டுல கேட்டாச் சொல்றது வேற. கேக்குறதுக்கு முந்தி நாமளே சொல்றது வேற. கேக்கட்டும்னு நான் கூண்டுல நின்னுக்கிட்டு இருந்தா, அதுவும் ஒரு பொய்தான்."

எம்.டி. எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே பட்டறையில் பெண்கள் சர்க்யூட் பலகைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பாமலே பேசினார்.

"எழுதுங்க. போலீசுக்கும் கோர்ட்டுக்கும். மத்த ஊர்களுக்கும் எழுதுங்க. உங்க ரெண்டு பேரோட நிறுத்த வேணாம். என் பேரையும் போடுங்க."

அந்த மனிதரைப் பற்றி வெளியே வேறு மாதிரிப் பேசுவார்கள். நீங்கள் கேட்டிருக்கலாம். நான் பார்த்தது இது.

சாட்சி சொல்லும் நாளில் நானும் கோர்ட்டுக்குப் போனேன். பாலமுருகன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், அது அவனுக்குப் பெரிதாக இருந்தது. முத்துக்காளை சுவரோரம் கைகட்டி நின்றார். சரவணனின் மனைவி ஜெயந்தி பின்வரிசையில் அவருடைய அண்ணனோடு உட்கார்ந்திருந்தார்.

பாலமுருகன் எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னான். பைட் என்ற வார்த்தையைக்கூட ஒரு முறைதான் பயன்படுத்தினான். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அப்படியென்றால் எது முதலில் நடந்தது?"

"தெரியாதுங்கய்யா."

"உங்களுக்குத் தெரியாதா, யாருக்குமே தெரியாதா?"

"இந்தப் பதிவ வச்சு யாராலயும் சொல்ல முடியாதுங்கய்யா. தெரிஞ்சிருக்க வேண்டியது. நாங்க செஞ்ச மாத்தத்துல அது அழிஞ்சுபோச்சு."

முத்துக்காளையின் வக்கீல் முகம் மலர்ந்தது. முத்துக்காளையின் முகம் மலரவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஜெயந்தி எங்களை மறித்து நின்றார். அழவில்லை. குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"அப்ப எங்க வீட்டுக்காரருதான் பச்ச விழுகுறதுக்கு முந்தி எடுத்துட்டாருன்னு சொல்றீகளா?"

"அப்படிச் சொல்லலம்மா" என்றான் பாலமுருகன்.

"அப்ப அந்தாளு செவப்புல வந்தான்னு சொல்றீகளா?"

"அதுவும் சொல்ல முடியலம்மா."

"அப்ப என்னதான் சொல்றீக?"

ஜெயந்தியின் அண்ணன் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். படி இறங்கும் வரை ஜெயந்தி திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

போதிய சாட்சியம் இல்லை என்று முத்துக்காளையை விடுவித்தார்கள். நல்லது நடந்தது என்று நினைப்பீர்கள். நாங்களும் நினைக்கப் பார்த்தோம். ஆனால் ஒரு நாள் அவர் எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. பாலமுருகனும் நானும் வெளியே போனோம்.

"கோர்ட்டு விட்டுருச்சு சார். ஊரு விடமாட்டேங்குது" என்றார். "சாட்சி இல்லாததுனால தப்பிச்சிட்டான்னு சொல்றாக. வேன்காரரு வண்டி தரமாட்டேங்குறாரு. நீங்க பெரிய படிப்புப் படிச்சவுக. எல்லோலதான் தாண்டுனேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அது போதும்."

"அண்ணே, நீங்க சொல்றத நான் நம்புறேன்" என்றான் பாலமுருகன். "ஆனா அத எழுதிக் குடுக்க எனக்குத் தெரியாதுண்ணே. எங்கிட்ட அது இல்ல."

முத்துக்காளை தலையாட்டினார். "நம்புறேன்னு சொல்ற எல்லாரும் இப்படித்தான் சொல்றாக" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பிறகு அவர் எங்குமே வண்டி எடுக்கவில்லை என்று கேள்வி.

கம்பெனியும் பழையபடி இல்லை. கடிதம் போன ஊர்களில் பாதி எங்கள் பெட்டியைக் கழற்றிவிட்டன. பட்டறையில் ஆட்களைக் குறைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை பார்த்த காலம் அது. சிலர் பாலமுருகனிடம், "நீங்க அன்னைக்கே பழைய வழிய வைக்கச் சொன்னீகள்ல" என்று ஆறுதலாகச் சொல்வார்கள். அவனுக்கு அது பிடிக்காது. "நான் சரியாச் சொன்னது யாருக்குக்கா உதவுச்சு?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டான். "டெஸ்ட் பண்றப்ப நொடி சரியா இருக்கான்னு எல்லாரும் பாத்தோம். புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு யாரும் பாக்கல."

கம்பெனியை விட்டுப் போவதற்கு முன் எல்லாவற்றையும் பாலமுருகனே சரிசெய்தான். பழைய வழியை மறுபடி திறந்தான். பதிவுப் புரோகிராமை முதலிலிருந்து தானே எழுதினான். அதில் அவன் சேர்த்த ஒரு விஷயத்தை நீங்கள் இன்றைக்கும் பார்க்கலாம். இரண்டு நிகழ்வுகளின் நேரம் ஒன்றாக வந்தால் அது அவற்றை அடுக்காது. பக்கத்தில் 'வரிசை தெரியாது' என்று எழுதும். பின்னம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் போடாது, காலியாக விடும். புதிதாக வந்த ஒருவர் அதை அழகில்லை என்று எடுக்கப் பார்த்ததாகச் சொன்னார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். பூஜ்யம் என்பது ஒரு விடை. தெரியாது என்பது வேறு. நம் வேலையில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துவிடுவது மிகச் சுலபம், இயந்திரம் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

பாலமுருகன் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். நேரம் சம்பந்தப்பட்ட எதையும் தொடுவதில்லை என்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பேசுவான். அந்த வழக்கைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பஸ் பிடிக்க மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தேன். வெளிப்பக்கம் அந்த டீக்கடை திறந்திருந்தது. ஜெயந்தி பாய்லருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கடந்து போய்விடலாம் என்று நினைத்தேன். கால் போகவில்லை. ஒரு டீ கேட்டேன். அவர் என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார் என்பது தெரிந்தது. டீயை ஆற்றினார்.

கிளாஸை நீட்டும்போதுதான் கேட்டார்.

"அந்த மிஷினு, அத இப்பச் சரி பண்ணியாச்சாக்கா?"

"பண்ணியாச்சும்மா. அந்தத் தம்பியே உக்காந்து பண்ணுனாரு. இப்ப எல்லாம் சரியாப் பதியுது."

"எது முந்தி, எது பிந்தின்னு தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் பாய்லர் குழாயைத் திறந்து இன்னொருவருக்குக் கிளாஸைக் கழுவினார்.

"அப்ப இனிமே யாராச்சும் செத்தாத் தெரியும்" என்றார்.

அதில் குத்தல் இல்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது, அப்படியே சொன்னார். பிறகு அடுத்து நின்றவரிடம் சர்க்கரை போடவா என்று கேட்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன். சூடாக இருந்தது, ருசி தெரியவில்லை. கிளாஸைப் பலகைமேல் வைத்துவிட்டு என் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.